சக்கரமும் சைக்கிளும் உறவா?



தோட்டப்புறத்தில் வாழ்ந்த எவருக்கும் சக்கரத்தை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஒரு காலத்தில் பால் ஏற்றிய மாட்டு வண்டி, பால்மரக் காட்டுக்குள் வாளியோடும் கத்தியோடும் போகும் சைக்கிள், பள்ளிக்குப் பிள்ளைகளை ஏற்றிப் போகும் வேன், தைப்பூசத்தன்று பவனி வரும் வெள்ளி இரதம் என்று நம் வாழ்க்கையே சக்கரத்தின் மேல் ஓடியிருக்கிறது. அந்தச் சக்கரத்தைக் குறிக்க நாம் எத்தனை சொற்களைக் கேட்கிறோம் என்று சற்று எண்ணிப் பார்ப்போம். தமிழில் சக்கரம் என்கிறோம். ஆங்கிலத்தில் 'வீல்' என்கிறார்கள். மலாயில் 'ரோடா' என்கிறார்கள். ஏறிப் போகும் வண்டியைச் சைக்கிள் என்கிறோம். மலாயில் அது 'பாசிகல்'.

இந்தச் சொற்களுள் சக்கரம், வீல், சைக்கிள் ஆகிய மூன்றும் ஒரே சொல்லின் வழித்தோன்றல்கள் என்றால் நம்புவீர்களா? காதுக்கு மூன்றும் வெவ்வேறாகத்தான் ஒலிக்கின்றன. ஆயினும் ஏறத்தாழ ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு மக்கள் கூட்டம் வழங்கிய ஒரே சொல்லிலிருந்து பிறந்தவை இவை என்பது மொழியறிஞர்கள் நிறுவிய உண்மை. அந்தச் சொல்லின் கதையையும், அது நமக்குச் சொல்லும் பாடத்தையும் இன்றைய உரையில் காண்போம்.

முதலில் அந்த மொழிக் குடும்பத்தைப் பற்றிச் சில வார்த்தைகள். 1786ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 2ஆம் நாள், கல்கத்தாவில் நீதிபதியாக இருந்த சர் வில்லியம் ஜோன்ஸ் என்பவர் அங்கிருந்த ஆசியக் கழகத்தில் ஓர் உரை ஆற்றினார். வடமொழியாகிய சமஸ்கிருதம், கிரேக்கம், இலத்தீன் ஆகிய மூன்றுக்கும் இடையே காணப்படும் ஒற்றுமை தற்செயலாக ஏற்பட்டிருக்க முடியாது. மூன்றும் ஒரே மூலத்திலிருந்து தோன்றியிருக்க வேண்டும். அந்த மூலமொழி இன்று மறைந்து போயிருக்கலாம் என்பது அவர் கூறிய கருத்து. பின்வந்த அறிஞர்கள் அதை நுணுகி ஆராய்ந்து, ஆங்கிலம், ஜெர்மன், ருசியம், பாரசீகம், இந்தி முதலிய பல மொழிகளும் அதே குடும்பத்தைச் சேர்ந்தவை என்று காட்டினார்கள். இக்குடும்பத்துக்கு இந்தோ-ஐரோப்பிய மொழிக் குடும்பம் என்று பெயர். அதன் பாட்டியாகிய மூலமொழியை எவரும் எழுதி வைக்கவில்லை. அது வழங்கிய காலத்தில் அம்மக்களிடம் எழுத்தே இல்லை.

எழுதாத மொழியின் சொல்லை எப்படிக் கண்டுபிடிப்பது? இது நியாயமான கேள்வி. ஒரு பாட்டி இறந்து பல காலம் ஆகிவிட்டது. அவர் படம் ஒன்றும் இல்லை. ஆனால் அவருடைய பேரப்பிள்ளைகள் பத்துப் பேர் பத்துத் தோட்டங்களில் இருக்கிறார்கள். எல்லாரையும் ஓரிடத்தில் கூட்டி நிறுத்திப் பார்த்தால், இந்த மூக்கும் அந்த நெற்றியும் பாட்டியிடமிருந்து வந்தவை என்று ஓரளவு சொல்லிவிடலாம் அல்லவா? மொழியறிஞர்களும் இதைத்தான் செய்கிறார்கள். பேரப்பிள்ளைச் சொற்களை வரிசையாக நிறுத்திப் பாட்டிச் சொல்லின் முகத்தை வரைகிறார்கள். அவ்வாறு வரைந்த சொல்லை அச்சிடும்போது அதன் முன்னே ஒரு நட்சத்திரக் குறி இடுவார்கள். எழுத்தில் கிடைத்த சொல் அன்று, ஒப்பிட்டு மீட்டெடுத்த சொல் என்பது அக்குறிக்குப் பொருள்.

சக்கரத்தைக் குறிக்க அவ்வாறு மீட்டெடுத்த சொல் 'குவெகுவ்லோஸ்' என்பது. தமிழ் எழுத்தில் இதற்குமேல் நெருங்கி எழுதுவது கடினம். 'கு' என்பதையும் 'வெ' என்பதையும் ஒரே மூச்சில், உதட்டைக் குவித்து ஒலித்துப் பாருங்கள். 'குவெல்' என்பது அம்மொழியில் சுழலுதல், சுற்றுதல் என்னும் பொருளுடைய வேர்ச்சொல். அந்த வேரின் முதல் ஒலியை இரட்டித்து முன்னால் சேர்த்துக் 'குவெ-குவ்ல்' என்று ஆக்கினார்கள். நாம் 'சுற்றிச் சுற்றி வந்தான்' என்றும் 'உருண்டு உருண்டு போயிற்று' என்றும் இரட்டித்துச் சொல்கிறோமே, அதைப் போன்றதே இதுவும். ஓயாமல் சுற்றிச் சுற்றி வருவது எதுவோ அதுவே சக்கரம். எவ்வளவு பொருத்தமான பெயர் பாருங்கள்!

இனி, பேரப்பிள்ளைகளை ஒவ்வொருவராக அழைப்போம்.

கிரேக்க மொழியில் இச்சொல் 'குக்லோஸ்' என்று ஆயிற்று. வட்டம், சக்கரம் என்று பொருள். அதை இலத்தீனார் இரவல் வாங்கினார்கள். இலத்தீன் வழியாக ஆங்கிலத்துக்குள் நுழைந்தபோது அதன் ஒலிப்பு 'சைக்கிள்' என்று மாறியது. 'பை' என்றால் இரண்டு; பைசைக்கிள் என்றால் இருசக்கரம். ஆக, நம் முற்றத்தில் சாத்தி வைத்திருக்கும் சைக்கிளின் பெயர் கிரேக்க நாட்டிலிருந்து உருண்டு வந்தது. அன்றியும், முன்னாளில் பள்ளிக்கூடங்களில் தேர்வுத் தாள்களைப் படியெடுக்க 'சைக்ளோஸ்டைல்' என்ற முறை இருந்தது. முனையில் சிறு சக்கரம் பொருத்திய எழுதுகோலால் மெழுகுத் தாளில் எழுதியதால் அதற்கு அந்தப் பெயர். சுழன்றடிக்கும் புயலுக்குச் 'சைக்ளோன்' என்று பெயர் வைத்தவர் கல்கத்தாவில் வாழ்ந்த ஹென்றி பிடிங்டன். 1848இல் வெளிவந்த தம் நூலில் அச்சொல்லை அவர் வழங்கினார். அதுவும் இந்தக் கிரேக்கச் சொல்லின் அடியாகப் பிறந்ததே.

வடமொழியில் அச்சொல் 'சக்ர' என்று ஆயிற்று. பாரசீகத்தில் 'சர்க்' என்று ஆயிற்று. காந்தியடிகள் நூல் நூற்ற இராட்டையை வடநாட்டார் 'சர்க்கா' என்பார்களே, அது பாரசீகத்தின் வழியாக வந்த பெயர். மேற்குச் சீனத்தின் பாலைநிலத்தில், தாரிம் என்னும் பகுதியில், தொக்காரியம் என்ற மொழி ஒரு காலத்தில் வழங்கியது. அம்மொழியின் பழைய ஓலைகளும் தாள்களும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கண்டெடுக்கப்பட்டன. 1908இல் ஜெர்மானிய அறிஞர்களான சீக், சீக்லிங் என்னும் இருவர் அதை இந்தோ-ஐரோப்பிய மொழி என்று நிறுவினார்கள். அதில் வண்டிக்குப் பெயர் 'குகல்', 'கொகலெ'. லித்துவேனியத்தில் 'காக்லஸ்' என்றால் கழுத்து. தலையைச் சுழற்றுவது கழுத்துத்தானே! ருசியத்தில் சக்கரத்தை 'கொலெசோ' என்கிறார்கள். அது இரட்டித்த வடிவிலிருந்து வராமல் வேரிலிருந்தே நேராக வந்தது.

ஆங்கிலத்தின் 'வீல்' இவர்களோடு எப்படிச் சேரும் என்று நேயர்கள் கேட்கலாம். அதன் பழைய எழுத்தைப் பார்த்தால் விளங்கிவிடும். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு ஆங்கிலேயர் அதை 'ஹ்வேயோல்' என்று ஒலித்தார்கள். அந்த 'ஹ்' ஒலி இன்று பெரும்பாலோர் பேச்சில் தேய்ந்துவிட்டாலும், எழுதும்போது டபிள்யூவுக்குப் பின் எச் என்ற எழுத்து இன்னும் நிற்கிறது. உங்கள் பிள்ளைகள் ஆங்கில எழுத்துக்கூட்டல் படிக்கையில் "இந்த எச் எதற்கு?" என்று சலித்துக்கொண்டால், அது ஒரு பாட்டனாரின் கைத்தடி என்று சொல்லுங்கள்.

அந்த 'ஹ்' எங்கிருந்து வந்தது? மூலமொழியில் 'க' என்று இருந்த ஒலி, ஆங்கிலமும் ஜெர்மனும் சேர்ந்த கிளையில் 'ஹ' என்று மாறியது. ஒரு சொல்லில் மட்டும் மாறியிருந்தால் தற்செயல் என்று தள்ளிவிடலாம். இலத்தீனில் நூறு என்பது 'கெந்தும்', ஆங்கிலத்தில் 'ஹண்ட்ரட்'. இலத்தீனில் கொம்பு 'கோர்னு'; ஆங்கிலத்தில் 'ஹார்ன்'. இலத்தீனில் நெஞ்சம் 'கோர்', ஆங்கிலத்தில் 'ஹார்ட்'. இப்படி வரிசை வரிசையாக வருகிறது. ராஸ்க் என்ற டென்மார்க்கு அறிஞர் 1818இலும், யாக்கோபு கிரிம் என்ற ஜெர்மானிய அறிஞர் 1822இலும் இந்த ஒழுங்கை எடுத்துக்காட்டினார்கள். குழந்தைகளுக்கான நாட்டுப்புறக் கதைகளைத் தம் தம்பியோடு சேர்ந்து திரட்டி வெளியிட்ட அதே கிரிம்தான் இவர்.

வடமொழியில் முதலெழுத்து 'ச' என்று ஆனதற்கும் காரணம் உண்டு. 'எ', 'இ' என்னும் உயிரொலிகள் பின்னால் வரும்போது, முன்னால் உள்ள 'க' ஒலியை எழுப்பும் நாக்கு மேலண்ணத்தை நோக்கி நகர்கிறது. நாளடைவில் 'க' என்பது 'ச' ஆகிவிடுகிறது. 'குவெ' என்பதில் 'எ' இருந்ததால் முதற் ககரம் சகரமாயிற்று. இரண்டாவது ககரத்துக்குப் பின் 'எ' இல்லை. ஆகவே அது ககரமாகவே நின்றது. பின்னர் 'எ' என்பது 'அ' ஆகவும், 'ல' என்பது 'ர' ஆகவும் மாறச் 'சக்ர' பிறந்தது. இது வியப்பன்று. நம் மொழிக் குடும்பத்திலேயே இம்மாற்றம் நிகழ்ந்துள்ளது. கன்னடத்தில் காதுக்குப் பெயர் 'கிவி', தமிழில் 'செவி'. கன்னடத்தில் சிறியது 'கிறு'; தமிழில் 'சிறு'. இகரத்துக்கும் எகரத்துக்கும் முன்னே ககரம் சகரமாகும் இயல்பு மனித நாக்குக்குப் பொதுவானது.

இந்த ஒழுங்கு ஏன் முக்கியம்? ஒலி ஒத்திருப்பதை மட்டும் வைத்து உறவு சொல்லிவிட முடியாது என்பதற்காகத்தான். சக்கரம், சர்க்கரை என்னும் இரண்டும் காதுக்கு அண்ணன் தம்பி போல் ஒலிக்கின்றன. ஆனால் உறவில்லை. சர்க்கரை என்பது சிறுகல், பருக்கை என்னும் பொருளுடைய வேறொரு வடசொல்லிலிருந்து வந்தது. மலாயில் இரண்டு என்பது 'டுவா', வடமொழியில் 'த்வ', ஆங்கிலத்தில் 'டூ'. மூன்றும் எவ்வளவு நெருக்கமாக உள்ளன! ஆயினும் மலாய் அந்தக் குடும்பமே அன்று. அது ஆஸ்திரோனேசியக் குடும்பத்தைச் சேர்ந்தது. மலாயில் ஐந்து 'லீமா'. பசிபிக் பெருங்கடலின் நடுவே ஹவாய்த் தீவிலும் ஐந்து 'லீமா'தான். அதுதான் அதன் உண்மையான உறவு. ஒலி ஒத்திருந்தும் உறவில்லாதது உண்டு. ஒலி மாறியிருந்தும் உறவானது உண்டு. முகத்தைப் பார்த்து ஏமாறாமல் வம்சத்தைப் பார்ப்பதே ஆராய்ச்சி.

இச்சொல் வேறொரு செய்தியையும் தருகிறது. சக்கரம் என்னும் பொருள் இல்லாத ஊரில் சக்கரத்துக்குப் பெயர் இருக்காது. அச்சாணி மரத்துக்கும் இதே போல் ஒரு மூலச்சொல் உண்டு: வடமொழியில் 'அக்ஷ', இலத்தீனில் 'ஆக்ஸிஸ்', ஆங்கிலத்தில் 'ஆக்ஸில்'. மாட்டின் கழுத்தில் பூட்டும் நுகத்தடிக்கும் உண்டு: வடமொழியில் 'யுக', இலத்தீனில் 'யூகும்', ஆங்கிலத்தில் 'யோக்'. ஆகவே அந்த மூலமொழி பேசிய மக்கள் வண்டி பூட்டி ஓட்டியவர்கள் என்பது தெளிவு. வண்டியின் வயதைத் தொல்லியல் சொல்கிறது. போலந்து நாட்டின் பிரோனோசித்சே என்னும் ஊரில் கிடைத்த ஒரு மண்பாண்டத்தில் வண்டியின் உருவம் கீறப்பட்டுள்ளது; அதன் காலம் ஏறத்தாழக் கி.மு. 3500. ஸ்லோவேனியாவின் தலைநகரான லியுப்லியானாவுக்கு அருகே சதுப்பு நிலத்தில் 2002இல் ஒரு மரச் சக்கரம் அச்சுடன் கிடைத்தது. அதன் வயது ஏறத்தாழ 5,150 ஆண்டுகள், குறுக்களவு 72 சென்டிமீட்டர். ஆரக்கால் இல்லாமல் பலகைகளை இணைத்துச் செய்த சக்கரம் அது. எனவே மூலமொழியின் பெரும்பாலான கிளைகள், வண்டி தோன்றிய பின்னரே ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்திருக்க வேண்டும் என்று கணக்கிடுகிறார்கள். இன்றைய துருக்கியில் வழங்கிய இத்தைத்து மொழியில் மட்டும் சக்கரத்துக்கு 'குர்கி' என்ற வேறு சொல் இருந்தது. அந்தக் கிளை முன்னதாகவே பிரிந்துவிட்டது என்பதற்கு இதையும் ஒரு சான்றாகக் காட்டுகிறார்கள். மூலமொழியின் தாயகம் கருங்கடலுக்கும் காஸ்பியன் கடலுக்கும் வடக்கே உள்ள புல்வெளி என்பது அறிஞர் பலரின் முடிவு.

இனி நம் மொழிக்கு வருவோம். தமிழ் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது அன்று. தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம் முதலியவை தனிக் குடும்பம் என்பதைச் சென்னையில் ஆட்சியராக இருந்த எல்லிஸ் 1816இல் எடுத்துரைத்தார். 1856இல் கால்டுவெல் விரிவாக நிறுவினார். நம் தோட்டங்களில் தெலுங்கு பேசும் குடும்பங்களும் மலையாளம் பேசும் குடும்பங்களும் உண்டு. ரெண்டு, மூடு என்று அவர்கள் எண்ணுவதைக் கேட்டாலே உறவு புரியும். சக்கரத்துக்கும் தமிழில் சொந்தப் பெயர்கள் உள்ளன: ஆழி, திகிரி, உருளி. தேர் என்ற சொல் சங்க நூல்களிலேயே ஓடுகிறது. 'சக்கரம்' என்பது வடமொழியிலிருந்து நாம் ஏற்றுக்கொண்ட சொல். சக்கரவர்த்தி அதனோடு சேர்ந்து வந்தவர்.

மொழியில் இரண்டு வகைச் சொற்கள் உண்டு. ஒன்று, வீட்டில் பிறந்த மகள். மற்றொன்று, வீட்டுக்கு வந்த மருமகள். செவி, கை, இரண்டு, தேர் ஆகியவை தமிழ் வீட்டின் மகள்கள். சக்கரம் மருமகள். மலாய் வீட்டிலும் அப்படியே. வடமொழிச் சொற்கள் மலாயில் மிகப் பழங்காலத்திலேயே கலந்தன. பாலெம்பாங் அருகே கிடைத்த கெடுக்கான் புக்கிட் கல்வெட்டு 683ஆம் ஆண்டினது, அதிலேயே வடசொற்கள் இருக்கின்றன. வட்டத் தட்டை மலாயில் 'சக்கெரா' என்பதும், வானவெளியைச் 'சக்கெராவாலா' என்பதும் நம் சக்கரத்தின் உடன்பிறப்புகள். 'ரோடா' போர்த்துக்கீசியச் சொல். 1511இல் மலாக்காவைப் பிடித்த போர்த்துக்கீசியர் விட்டுச் சென்றது. அது இலத்தீனின் 'ரோத்தா'விலிருந்து வந்தது. அந்த ரோத்தாவும் வடமொழியின் 'ரத' என்பதும், ஜெர்மானியர் சக்கரத்துக்கும் சைக்கிளுக்கும் வழங்கும் 'ராட்' என்பதும் வேறொரு பாட்டிச் சொல்லின் பேரப்பிள்ளைகள். அப்படியானால் நம் வெள்ளி இரதமும், அதன் அடியில் உருளும் ரோடாவும் பெயரளவில் ஒரே வம்சம்!

ஆங்கிலத்தின் கதை இன்னும் சுவையானது. பாட்டி வீட்டிலிருந்து நேராக வந்த மகள் 'வீல்' அதனிடம் இருந்தது. இருந்தும், கிரேக்கத்திலிருந்து 'சைக்கிள்' என்ற மருமகளை அழைத்துக்கொண்டது. பிறகு யோகப் பயிற்சி பற்றிய நூல்களின் வழியே 'சக்ரா' என்ற மூன்றாமவளையும் அழைத்துக்கொண்டது. ஒரே சொல் மூன்று வாசல் வழியாக ஒரே வீட்டுக்குள் புகுந்திருக்கிறது. அதனால் ஆங்கிலம் தாழ்ந்துவிட்டதா? இல்லை. மூன்றுக்கும் மூன்று வேலை கொடுத்துச் செழித்துவிட்டது.

இதை நாம் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம்? நம் பிள்ளைகள் ஆறாம் ஆண்டு முடித்து இடைநிலைப் பள்ளிக்குப் போகிறார்கள். தோட்டத்துத் தமிழில் மலாய்ச் சொல்லும் ஆங்கிலச் சொல்லும் கலந்திருப்பதைக் கண்டு பிறர் நகைக்கும்போது கூசிப்போகிறார்கள். "நம்முடையது ஒட்டுப்போட்ட மொழி" என்று எண்ணிச் சிலர் தமிழ் பேசுவதையே விட்டுவிடுகிறார்கள். வகுப்பறையில் நாங்கள் கண்கூடாகக் காணும் இழப்பு இது. அந்தப் பிள்ளையிடம் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: இரவல் வாங்காத மொழி உலகில் இல்லை. கொடுக்காத மொழியும் அன்று நம் மொழி. மலாயின் 'கெடாய்' நம் கடை. 'கபால்' நம் கப்பல். ஆங்கிலத்தின் 'கட்டமரான்' நம் கட்டுமரம். 'செரூட்' நம் சுருட்டு.

அதே வேளையில் எதிர்ப்பக்கத்துத் தவறையும் செய்யக்கூடாது. உலகத்துச் சொற்கள் யாவும் தமிழிலிருந்தே பிறந்தன என்று மேடையில் முழங்குவதைக் கேட்கிறோம். ஒலியொப்புமையை மட்டும் காட்டி அப்படிச் சொன்னால், சர்க்கரையையும் சக்கரத்தையும் ஒன்றாக்கிய கதையாகிவிடும். தமிழின் பெருமைக்குப் பொய்ச் சான்று தேவையில்லை. மொழிக் குடும்பம் வேறு, இரத்த வழி இனம் வேறு என்பதையும் மறக்கலாகாது. ஆங்கிலம் பேசுகிற நம் பிள்ளைகள் ஆங்கிலேயர் ஆகிவிட்டார்களா? இந்த வேறுபாட்டை மறைத்து 'ஆரிய இனம்' என்று பொய்ப் பெருமை பேசிய ஆட்சி, ஜெர்மனியில் 1933 முதல் 1945 வரை இலட்சக்கணக்கான உயிர்களைக் கொன்று குவித்தது. சொல்லாராய்ச்சி நேர்மை தவறினால் அதன் விளைவு ஏட்டோடு நிற்காது.

கடைசியாக ஒரு செய்தி. சுழலுதல் என்ற பொருளுடைய அந்தக் 'குவெல்' வேரிலிருந்தே இலத்தீனில் 'கோலெரெ' என்ற சொல் வந்தது. ஓரிடத்தைச் சுற்றி நடமாடுதல், அங்கேயே குடியிருத்தல், அந்நிலத்தை உழுது பயிரிடுதல் என்று அதன் பொருள் வளர்ந்தது. பண்பாட்டைக் குறிக்கும் 'கல்ச்சர்' அதில் பிறந்தது; குடியேற்றத்தைக் குறிக்கும் 'காலனி'யும் அதில் பிறந்தது. காடு வெட்டி நிலம் திருத்திக் குடியிருந்த நம் முன்னோரின் வாழ்க்கை அந்த ஒரே வேருக்குள் அடங்கியிருக்கிறது.

நேயர்களே, இன்றிரவு சாப்பாட்டுக்குப் பின் பிள்ளைகளை அருகில் அமர்த்தி, வீட்டிலுள்ள பொருள்களின் பெயர்களைச் சொல்லச் சொல்லுங்கள். அடுப்பு, பானை, அலமாரி, மேசை, சாவி, சன்னல் என்று வரும். எது மகள், எது மருமகள் என்று கேளுங்கள். அலமாரி, மேசை, சாவி, சன்னல் ஆகிய நான்கும் போர்த்துக்கீசிய வீட்டுப் பெண்கள் என்று கண்டால் பிள்ளைகள் வியப்பார்கள். மருமகள் வந்துவிட்டாள் என்பதற்காக மகளை மறந்துவிட வேண்டாம். ஆழியையும் திகிரியையும் சொல்லிக்கொடுங்கள். மகள் இருக்கிறாள் என்பதற்காக மருமகளை வெளியே நிறுத்தவும் வேண்டாம். இருவரும் சேர்ந்து விளக்கேற்றும் வீடே விளங்கும் வீடு.